ஒத்தையில் பாடிய கீர்த்தனை

எங்கள் கோயிலுக்கு அப்போது சொந்த நேரம் கிடையாது. காலையில் மராத்திச் சபை, பிற்பகல் மூன்று மணிக்குத் தமிழ்ச் சபை, சாயங்காலம் ஆறரைக்கு இங்கிலீஷ் சபை என்று ஒரே மெத்தடிஸ்ட் கட்டடத்தை மூன்று பாஷைக்காரர்கள் பங்கு போட்டுக்கொண்டிருந்தோம். எங்களுக்கு வந்த பங்கு நடுவெயில். தாராவியிலிருந்து பிள்ளைகளை இழுத்துக்கொண்டு நடந்துவந்து பெஞ்சில் உட்கார்ந்தால், போதகர் ஐயா பிரசங்கத்தை ஆரம்பிக்கும்போதே பாதிச் சபை கண்ணை மூடியிருக்கும். ஜெபிக்கிறார்கள் என்று நினைத்துக்கொள்ள வேண்டியதுதான். எல்லாரும் ராத்திரி ஷிப்டு முடித்து வந்த மில்காரர்கள், வாரம் முழுக்கத் தோல் பட்டறையில் நின்றே வேலை பார்த்தவர்கள், அவர்களுக்குச் சோறாக்கிக் கொடுத்த பெண்கள். "கர்த்தர் ஏழாம் நாள் ஓஞ்சிருந்தாரு. அவருக்கென்ன, குழாயடியில போயி நிக்கணுமா?" என்பாள் என் பக்கத்து வீட்டு அக்கா.

அந்த அக்காவைப் பற்றித்தான் சொல்ல வந்தேன்.

மாட்டுங்காவில் ஒரு பிரசவ ஆஸ்பத்திரியில் அவள் ஆயாவாக இருந்தாள். புருஷனுக்குத் தோல் பட்டறையில் வேலை. ஒற்றை அறை வீடு. எனக்கும் அவளுக்கும் நடுவில் ஒரு தகரச் சுவர். கோயிலில் பாடகர் குழுவின் இரண்டாம் வரிசையில் பல வருஷமாக நின்று பாடிக்கொண்டிருந்தாள். முன்வரிசையில் நிற்கிறவர்கள் உயரம், இவள் குட்டை. அதனால் சபைக்கு அவள் நெற்றியும் கொண்டையும்தான் தெரியும்.

அந்த வருஷம் அவள் கழுத்தில் ஒரு கட்டி புறப்பட்டது. முதலில் சுண்டைக்காய் மாதிரி இருந்தது, பிறகு எலுமிச்சை அளவுக்கு வந்துவிட்டது. பெரிய ஆஸ்பத்திரியில் காட்டினார்கள். அறுத்து எடுத்தால் உயிருக்கு ஒன்றும் ஆகாது, ஆனால் குரல் பழையபடி வரும் என்று உறுதி சொல்ல முடியாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். அறுப்பின் பண்டிகை முடிந்த மறுவாரம் வந்து சேரச் சொன்னார்கள்.

எங்கள் வரிசையில் ஒரு வீட்டில் குழம்பு தீய்ந்தால் கடைசி வீட்டுக்குத் தெரியும். இந்தச் சேதி மட்டும் தங்குமா? அடுத்த ஞாயிற்றுக்கிழமையே போதகர் ஐயா பிரசங்க பீடத்திலிருந்து அவளுக்காக ஜெபித்தார். பெண்கள் வந்து வந்து கழுத்தைத் தொட்டுப் பார்த்தார்கள்.

அறுப்பின் பண்டிகை, அதாவது அறுவடைக்கு நன்றி சொல்லும் நாள் என்றால், ஊரில் நெல் கட்டு வரும், வாழைத்தார் வரும். இங்கே யாருக்கு வயல் இருக்கிறது? மாட்டுங்கா மார்க்கெட்டில் வாங்கிய புடலங்காயையும் பூசணிக்காயையும் பீடத்தின் முன்னால் கொண்டுவந்து வைப்போம். "வாங்குன இடத்துலயே கர்த்தருக்குக் குடுத்திருந்தா சுமக்கிற கூலியாவது மிச்சம்" என்று ஒருவர் ஒவ்வொரு வருஷமும் சொல்வார், நாங்களும் ஒவ்வொரு வருஷமும் சிரிப்போம். அன்று இங்கிலீஷ் ஆராதனைக்கு முன்னால் ஒரு கான்செர்ட் உண்டு. வருஷத்தில் அந்த ஒரு நாள்தான் மூன்று சபையும் ஒன்றாக உட்காரும். டீ போடுவதும் கிளாஸ் கழுவுவதும் எங்கள் மாதர் சங்கத்துக்கு விழுந்த வேலை. மேடையில் யார் பாடினார்கள் என்று கேட்டால் பல வருஷங்களுக்கு எனக்குப் பதில் தெரியாது. எத்தனை கிளாஸ் உடைந்தது என்று கேட்டால் சொல்வேன்.

எங்கள் பாட்டு வாத்தியார் ரயில்வே ஆபீசில் கிளார்க். மாட்டுங்காவில் குடியிருந்தார். ஆர்மோனியத்தில் கையை வைத்தால் நேரம் போவது தெரியாத மனிதர். கான்செர்ட்டுக்கு முந்தைய சனிக்கிழமை பயிற்சியில், இந்த வருஷம் ஒரு கீர்த்தனையைத் தனிப்பாட்டாக வைக்கலாம், அதை அந்த அக்காவே பாடட்டும் என்றார்.

எங்கள் ஸ்டூவர்டு அங்கே பெஞ்சு தூக்கிக்கொண்டிருந்தார். சபையின் பெஞ்சு, விளக்கு, காணிக்கைத் தட்டு எல்லாம் அவர் பொறுப்பு. தோல் குடோனில் மேஸ்திரி, நல்ல மனிதர், தொண்டை மட்டும் பெரிசு. அவர் பெஞ்சைக் கீழே வைத்துவிட்டு, "அவ்வோளுக்கு கழுத்துல நோவு இருக்கும்போது இது என்னத்துக்கு வாத்தியாரே? எல்லாருமா சேந்து பாடிட்டுப் போவமே" என்றார்.

"நோவு எனக்குல்லா அண்ணாச்சி" என்றாள் அக்கா. "நான் பாத்துக்கிடுதேன்."

வீட்டுக்கு நடக்கும்போது நானும் கேட்டேன். "ஏன்க்கா, டாக்டர் தொண்டைக்கு ரெஸ்ட் குடுக்கச் சொல்லியிருக்காருல்லா?"

சயான் பக்கம் திரும்பினோம். அவள் சொன்னாள்: "ஏட்டி, இத்தன வருசம் பாடுதேன். என் சத்தம் எப்படி இருக்கும்னு எனக்கே தெரியாது, பாத்துக்க. கோயில்ல ஒரு பக்கம் உன் மதினி கத்துதா, பின்னால அந்தத் தடியன் பேஸ் குரல்னு சொல்லி முக்குதான். ஆஸ்பத்திரியில வாயத் தொறந்தா சிஸ்டர் மொறைக்கும். வீட்டுல பாடலாம்னா இந்தப் பக்கம் உன் மாப்பிள ராத்திரி ஷிப்டு பாத்துட்டுத் தூங்குதாரு, அந்தப் பக்கம் இன்னொருத்தன் தூங்குதான். இந்தப் பம்பாயில ஒரு பொம்பள ஒத்தையில நின்னு பாட எங்கட்டி இடம் இருக்கு? கத்தி வைக்கதுக்கு முன்னால ஒரு வாட்டி, ஒரே ஒரு வாட்டி, எல்லாரும் சும்மா இருக்க நான் பாடிக் கேக்கணும்."

எனக்கும் கால் வலி. மிச்ச தூரம் நடந்தோம்.

பண்டிகை அன்று மழை. குடையும் ஈரச் செருப்புமாகக் கோயில் நிறைந்துவிட்டது. ஒரு பக்கம் மராத்திக்காரர்கள், ஒரு பக்கம் இங்கிலீஷ்காரர்கள், நடுவில் பிள்ளைகளோடு நாங்கள். மராத்திச் சபையார் டோலக் தட்டி பஜன் பாடினார்கள். இங்கிலீஷ் வாலிபர்கள் கிதாரோடு வந்து நின்றார்கள். அவர்கள் முடித்ததும் இங்கிலீஷ்காரர்கள் கை தட்டினார்கள். கோயிலுக்குள்ளே கைதட்டா என்று எங்கள் பெரியவர்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். நான் பின்வாசலில் டீ அண்டாவுக்குப் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தேன்.

அக்கா முன்னால் வந்தாள். கழுத்து தெரியாதபடி முந்தானையைச் சுற்றியிருந்தாள். வாத்தியார் சுருதி கொடுத்தார்.

இங்கே ஒன்று சொல்ல வேண்டும். எங்கள் ஊர்க் கோயில்களில் கீர்த்தனை என்றால் ஒருவர் பல்லவியை எடுத்துக் கொடுப்பார், உடனே சபை வாங்கிப் பாடும். பிறந்த நாள் முதல் அப்படித்தான். பாட்டு என்பது பாடுவதற்கு. அதை உட்கார்ந்து கேட்பது என்ற பழக்கமே எங்களுக்குக் கிடையாது. வாத்தியார் எடுத்திருந்ததோ தூக்கத்தில் எழுப்பினாலும் எல்லாரும் பாடுகிற பழைய கீர்த்தனை. தெரியாத பாட்டாகப் பார்த்து எடுத்திருக்கக் கூடாதா என்று பின்னால் அவரே தலையில் அடித்துக்கொண்டார்.

அவள் பல்லவியை ஒரு தடவைதான் பாடினாள். முடிப்பதற்குள் மொத்தத் தமிழ்ச் சபையும் வாங்கிக்கொண்டது. சாதாரணமாகக்கூட இல்லை. பாவம், நோவுக்காரி, தனியாக விட்டுவிடக் கூடாது என்று வயிற்றிலிருந்து பாடினார்கள். எல்லாருக்கும் மேலே ஸ்டூவர்டின் தொண்டை. அக்காவின் உதடு அசைவது தெரிந்தது, சத்தம் கேட்கவில்லை.

வாத்தியார் ஆர்மோனியத்தைக் காலால் மிதித்தபடி ஒரு கையால் வாசித்துக்கொண்டே மறு கையை மெதுவாகக் கீழே கீழே என்று அமர்த்திக் காட்டினார். பாடாதீர்கள் என்று அர்த்தம். எங்கள் சனம் தாளத்தைக் குறைக்கச் சொல்கிறார் என்று எடுத்துக்கொண்டு இன்னும் நிதானமாக, இன்னும் இழுத்துப் பாடியது. அனுபல்லவிக்கும் அதே கதிதான். பின்னால் இரண்டு கிழவர்கள் கண்ணீரோடு எழுந்து நின்றே பாட ஆரம்பித்துவிட்டார்கள். அவர்களைப் பார்த்து மற்றவர்களும் எழுந்தார்கள். இங்கிலீஷ்காரர்கள் இது ஏதோ முறை போலும் என்று தாங்களும் எழுந்து நின்றார்கள்.

அக்கா பாடுவதை நிறுத்தினாள். சபை ஒரு வரி தானாக ஓடித் தடுமாறி நின்றது. ஆர்மோனியமும் நின்றது. மயக்கமோ என்று நான் டீக் கரண்டியைப் போட்டுவிட்டு இரண்டடி முன்னால் போனேன்.

"ஐயாமாரு, அம்மாமாரு எல்லாரும் மன்னிக்கணும்" என்றாள். "இத நான் ஒத்தையில பாடணும். நீங்க எல்லாரும் உக்காந்து கேட்டுக்கிட்டு இருங்க."

கோயிலில் ஒரு பெண்பிள்ளை சபையைப் பார்த்து வாயை மூடு என்று சொன்னது அதற்கு முன்னால் இல்லை. பெஞ்சுகள் ஒவ்வொன்றாகக் கிரீச்சிட, உட்கார்ந்தார்கள். பாதிப் பேர் முகத்தில் அடி வாங்கின மாதிரி இருந்தது. மேலே தகரத்தில் மழை விழுகிற சத்தம் மட்டும். அவள் வாத்தியாரைப் பார்த்துத் தலையசைத்தாள்.

நன்றாகப் பாடினாள் என்று சொன்னால் பொய். முதல் சரணத்தில் பதற்றம், இரண்டாவதில் மூச்சு போதாமல் ஒரு வார்த்தையை விழுங்கினாள். சபையில் எல்லார் உதடும் சத்தமில்லாமல் அசைந்துகொண்டிருந்தது. பழகிய வாய் எப்படிச் சும்மா இருக்கும்? மூன்றாம் சரணத்தில் ராகம் மேலே ஏறும் இடத்தில் அவள் கண்ணை மூடிக்கொண்டாள். அந்த இடத்தில் நாங்கள் எப்போதும் கூட்டமாகக் கத்திக் கடந்துவிடுவோம். அவள் அங்கே ஏறி, அவசரமில்லாமல் நின்றாள். மெல்லிய, கொஞ்சம் கரகரப்பான குரல், ஓரம் பிசிராத குரல். தகரச் சுவருக்கு அந்தப் பக்கம் இத்தனை வருஷம் இருந்த மனுஷிக்கு இப்படி ஒரு சத்தம் இருந்தது எனக்குத் தெரியாது.

முடிந்ததும் இங்கிலீஷ்காரர்களும் மராத்திக்காரர்களும் கை தட்டினார்கள். தமிழ்ச் சபை மடியைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தது.

பிறகு பேச்சுக்குக் கேட்க வேண்டுமா? டீ வாங்க வந்தவர்கள் எல்லாரும் என்னிடம்தான் கொட்டினார்கள். "கூடப் பாடினது குத்தமாட்டி?" என்றாள் ஒரு மதினி. "கர்த்தர துதிக்கிறதுக்கு இவளுக்கு மட்டும் லைசென்சா?" ஸ்டூவர்டு டீயே குடிக்கவில்லை. "தோள் குடுத்தோம், தட்டி விட்டுட்டா" என்று சொல்லிவிட்டு மழையில் குடையை விரிக்காமலே போனார். ஆறரை மணி இங்கிலீஷ் ஆராதனைக்கு ஆட்கள் வந்து நிற்க, வாட்ச்மேன் "ஜல்தி, ஜல்தி" என்று அவசரப்படுத்த, நானும் அக்காவும் கிளாஸ் கழுவினோம். எப்படி இருந்தது என்று அவளும் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. இடுப்பு ஒடிந்துபோயிருந்தது.

மறுவாரம் அறுவை நடந்தது. விசிட்டர் நேரத்தில் மாதர் சங்கத்தார் சிலர் போனோம். மனத்தாங்கல் இருந்தாலும் நோயாளியைப் பார்க்கப் போகாமல் இருக்க மாட்டார்கள் எங்கள் ஆட்கள். ஸ்டூவர்டும் வந்திருந்தார், கையில் ஆர்லிக்ஸ் பாட்டிலோடு. அக்கா கழுத்தில் கட்டோடு படுத்திருந்தாள். பேசக் கூடாது.

நோயாளியைப் பார்க்கப் போனால் ஜெபித்துவிட்டு ஒரு பாட்டுப் பாடுவது எங்கள் வழக்கம். எடுத்துக் கொடுப்பவர் எப்போதும் ஸ்டூவர்டு. ஜெபம் முடிந்தது, ஆமென் சொன்னோம். அவர் ஆரம்பிக்கவில்லை. தொண்டையைச் செருமினார், ஜன்னலைப் பார்த்தார். நாங்கள் அவரைப் பார்த்தோம். கட்டிலைச் சுற்றி இத்தனை பேர் பாட வந்து பாடாமல் நின்றுகொண்டிருந்தோம். அவளுக்குப் புரிந்துவிட்டது. போர்வைக்கு வெளியே கையை நீட்டி, ஆரம்பியுங்கள் என்று அவருக்கு ஜாடை காட்டினாள்.

அவர் எடுத்தார். நாங்கள் வாங்கினோம். நர்ஸ் வந்து அதட்ட, சத்தத்தைக் குறைத்துக்கொண்டு மிச்சத்தையும் பாடினோம். அக்கா கண்ணை மூடியிருந்தாள். கேட்டாளா, தூங்கினாளா, தெரியாது.

குரல் அவளுக்குத் திரும்பி வந்தது. ஆனால் தடித்த, தணிந்த குரல். மேலே ஏறும் இடத்துக்கு அது பிறகு போகவே இல்லை.

ஆஸ்பத்திரிக்குப் போன அன்று இதெல்லாம் தெரியாமல் நாங்கள் வெளியே பஸ் ஸ்டாப்பில் நின்றோம். ஸ்டூவர்டு எனக்குப் பக்கத்தில் வந்து, யாருக்கும் கேட்காமல், "அந்த மூணாஞ் சரணம் இருக்கே" என்றார். "நான் பிறந்ததுலேருந்து அந்தப் பாட்டப் பாடுதேன். ஒரு நாளும் கேட்டதில்ல. அன்னைக்குத்தான் கேட்டேன். அதச் சொல்லணும்னுதான் வந்தேன்."

"சொன்னியளா அண்ணாச்சி?"

"எங்க? ஜாடை காட்டுனாவ, பாடிட்டு வந்துட்டேன்."

"திரும்பிப் போயி சொல்லிட்டு வாங்களேன்."

அவர் ஆஸ்பத்திரி கேட்டைப் பார்த்தார். கூர்க்கா அதை இழுத்துச் சாத்திக்கொண்டிருந்தான். "டைம் முடிஞ்சிட்டும்மா" என்றார். பஸ் வந்தது. உட்கார இடமில்லை. கம்பியைப் பிடித்துக்கொண்டு தாராவி வரைக்கும் நின்றுகொண்டே போனோம்.