பச்சைக் குச்சி

இன்று மதியம், வளைகுடா நாட்டில், சத்வா என்ற பகுதியில் மகன் வீடு. டிவி முன்னால் பேத்தி அழுதுகொண்டே பச்சை விளக்குக் குச்சியை ஆட்டினாள். பல வருடங்களாக ஆடிப் பாடும் ஜப்பான் பெண்கள் குழுவில், அவளுக்குப் பிடித்த பெண்ணுக்கு இது கடைசி நிகழ்ச்சி. பச்சை அந்தப் பெண்ணின் நிறமாம்.

வாத்தியார் ஆயிற்றே, உதாரணம் சொன்னேன். "ஒருத்தி போனா இன்னொருத்தி வருவா. வருஷா வருஷம் பத்தாம் வகுப்பை அனுப்பினேனே, அழுதேனா?"

"உங்க ஃபேர்வெல்ல அழுதீங்க தாத்தா. மைக்க விடவே இல்ல. அப்பாகிட்ட வீடியோ இருக்கு, போடட்டா?"

சமையலறையில் மருமகள் சிரிப்பை அடக்குவது கேட்டது. எனக்கு முகத்தை எங்கே வைத்துக்கொள்வதென்று தெரியவில்லை. அன்று யாரும் எனக்கு உதாரணம் சொல்லவில்லை. கையைப் பிடித்துக்கொண்டார்கள்.

"சாரிடா கண்ணு" என்றேன். இன்னொரு குச்சியை நீட்டினாள்.

ஒரு கையால் ஆட்டிக்கொண்டே இதை எழுதுகிறேன். தோள் வலிக்கிறது. எப்போது நிறுத்தலாம் என்று தெரிந்தவர்கள் சொல்லுங்கள். அவளிடம் கேட்க எனக்கு முகமில்லை.