ஓரத்தில் எழுதிய சாமி

சண்முகப்பிரியாவுக்கு ஊர் கெங்கவல்லி. ராசிபுரத்தில் ஒரு கல்லூரியில் கௌரவ விரிவுரையாளர். கௌரவம் பெயரோடு சரி. முனைவர் பட்டம் வாங்கினால்தான் வேலை நிலைக்கும் என்று சொல்லிவிட்டார்கள். கல்யாணத்தைத் தள்ளிப்போட்டு, கவிஞர் சென்னிமலை பற்றிய ஆய்வே கதி என்று கிடந்தாள்.

அவர் தறி நெய்துகொண்டே புதுக்கவிதை எழுதியவர். கோயில் பக்கம் தலைவைத்துப் படுக்காதவர். அவர் போய்ச் சேர்ந்தபின் அவருடைய புத்தகங்கள் கல்லூரிக்கு வந்தன. பக்க ஓரமெல்லாம் பென்சில் குறிப்புகள். 'சாமி இன்று கண் திறக்கவில்லை.' 'சாமி இல்லாத வீடு.' பார்த்ததும் அவளுக்குத் தலைகால் புரியவில்லை. நாத்திகர் ரகசியமாகக் கடவுளைத் தேடியிருக்கிறார்! ஆய்வுக்கு உயிரே இதை வைத்து எழுதிய நான்காம் இயல்தான்.

அட, பஸ்ஸில் கண்டக்டர் "தள்ளி நில்லு சாமி" என்று தினமும் இவளைத்தானே சொல்கிறார்? காதில் விழும்போது மனுஷியாக இருந்த சொல், காகிதத்தில் கண்டதும் கடவுளாகிவிட்டது. நெறியாளரோ தஞ்சாவூர்க்காரர், இந்தப் பக்கத்துச் செல்லப் பேச்சு அவருக்கும் உறைக்கவில்லை.

வாய்மொழித் தேர்வன்று கவிஞரின் மனைவி கமலவேணிக்குப் பொன்னாடை போர்த்தி முன்வரிசையில் உட்காரவைத்தார்கள். சண்முகப்பிரியா குறிப்புகளைக் கணீரென்று வாசிக்க ஆரம்பித்தாள். அந்த அம்மாள் எழுந்துவிட்டார்.

"ஏனுங்க, அது கும்புடற சாமி இல்லீங்க. எம் பொண்ணச் சொல்றாருங்க. சின்னதுலயே காய்ச்சல்ல போயிட்டா. அவளச் சாமீன்னுதானுங்க கூப்புடுவாரு."

தேர்வாளர் சங்கடமாகச் சிரித்தார். "அப்புறம் பேசிக்கலாம்மா. நீங்க மேல படிங்க" என்றார் சண்முகப்பிரியாவிடம்.

படித்திருக்கலாம். ஒருவரும் தட்டிக்கேட்கப்போவதில்லை. அவள் ஆய்வேட்டை மூடினாள்.

"ஐயா, அவங்க சொல்றதுதான் சரி. என் நாலாம் இயல் தப்பு" என்றாள். சொன்னதும் அழுகை முட்டிக்கொண்டு வந்துவிட்டது. தேர்வைத் தள்ளிவைத்தார்கள். அடுத்த வருஷம் வேலை இருக்குமா என்பதே சந்தேகம். கூட்டம் காபிக்குக் கலைந்தது.

கமலவேணி மட்டும் பக்கத்தில் வந்தார். "எனக்குப் படிக்கத் தெரியாது கண்ணு. இன்னும் என்ன எழுதியிருக்காருன்னு சொல்லு."

சண்முகப்பிரியா பக்கத்தைப் புரட்டினாள். ரகசிய பக்திக்குச் சான்று என்று அவள் எடுத்துவைத்திருந்த வரி வந்தது. இப்போது அதை மெதுவாக வாசித்தாள்.

"'சாமியைப் பற்றி வேணியிடம் பேச மாட்டேன். அவள் தாங்க மாட்டாள்.'"

கமலவேணி அப்படியே நாற்காலியில் உட்கார்ந்தார்.

"பொண்ணு செத்தன்னிக்கு ஒரு சொட்டுக் கண்ணீரு உடல கண்ணு அந்த மனுசன். கல்லு மனசுக்காரன்னு கடைசி வரைக்கும் வஞ்சுக்கிட்டேதான் அவருக்குச் சோறு போட்டேன்."