கை தூக்கிய பங்குதாரர்கள்

இந்தத் தோட்டத்தில் சைக்கிளில் போகிற தமிழன், எதிரே துரை வந்தால் இறங்கி நிற்க வேண்டும். துரையின் கார் மறைந்த பிறகுதான் மறுபடி ஏறலாம். மலாயாவுக்கு வந்த புதிதில் எனக்கு இது தெரியாது. இப்போது தெரியும்; ஆனாலும் நான் இறங்குவதில்லை. கங்காணி பலமுறை எச்சரித்துவிட்டார். இத்தனைக்கும் தோட்டம் துரைக்குச் சொந்தமில்லை. லண்டனில் பங்கு வாங்கியவர்களுக்குச் சொந்தம். அவர்களில் பலர் ரப்பர் மரத்தையே பார்த்திருக்க மாட்டார்கள். கடைவீதியில் சீனக் கடைக்காரர் ஒருநாள், "உன் தவுக்கே யார்?" என்று என் முதலாளியின் பெயரைக் கேட்டார். "நிறையப் பேர். ஒருவரையும் எனக்குத் தெரியாது" என்று அரைகுறை மலாயில் சொன்னேன். எந்த வேலையிலும் நிலைக்காமல் விரட்டப்பட்டவன் என்று எண்ணிக்கொண்டார் போலிருக்கிறது. இரக்கப்பட்டு ஒரு வாழைப்பழத்தைக் கையில் வைத்தார்.

அவருக்கு எப்படிப் புரிய வைப்பது? நானும் ஒரு கம்பெனியின் முதலாளிதான்.

திருச்சியில் நான் வேலை பார்த்த நூற்பாலை ஒரே குடும்பத்தின் சொத்தாக இருந்தது. பிறகு அதை லிமிடெட் கம்பெனியாக்கி, ஊராரிடம் பங்கு விற்றார்கள். ஸ்ரீரங்கத்து வக்கீல்களும் பெரியகடைத் தெரு வியாபாரிகளும் வாங்கினார்கள். ஊருக்கு நம்பிக்கை வரட்டும் என்று தொழிலாளிகளையும் ஆளுக்கொரு பங்கு வாங்க வைத்தார் மேனேஜர். அடுத்த வருஷம், ஜீயபுரத்திலிருந்து வேலைக்கு வந்துகொண்டிருந்த செல்லம்மாவின் இரண்டு விரல்கள் மெஷினில் போயின. நஷ்டஈடு தர சட்டம் இருந்தது. கம்பெனியோ அவளை வேலையிலிருந்து நிறுத்தியது. எங்கள் சங்கத்தின் காரியதரிசி, பாலக்கரை காதர் பாய், போய்க் கேட்டார். "இப்ப இது ஒரு குடும்பத்து ஆலை இல்லை. பங்குதாரருங்களைக் கேளுங்க" என்றார் மேனேஜர்.

கேட்கத்தான் போனோம். வருஷக் கூட்டத்தன்று, ஷிப்டு முடிந்த கையோடு, உடம்பெல்லாம் பஞ்சாக மண்டபத்து வாசலில் நின்றோம்.

"வேலையாளுங்க வெளிய நில்லுங்க" என்று மேனேஜர் வழிமறித்தார்.

"வேலையாளா வரலைங்க" என்றார் காதர் பாய். "பங்குதாரரா வந்திருக்கோம். நோட்டீஸ் அனுப்பிக் கூப்பிட்டது நீங்கதானே?"

உள்ளேயிருந்து ஸ்ரீரங்கத்து வக்கீல் ஒருவர் எழுந்து வந்தார். அவரும் பங்குதாரர். "அவாளை உள்ளே விடுங்கோ. தடுத்தா கூட்டமே செல்லாமப் போயிடும்" என்றார். எங்கள்மேல் அவருக்குப் பிரியம் என்று சொல்ல முடியாது, சட்டத்தின்மேல் இருந்தது.

செல்லம்மா எழுந்து, கட்டுப் போட்ட கையை மறைக்காமல் பேசினாள். "நான் இரக்கம் கேட்டு வரலைங்க. என் ஆலையில என் விரல் போச்சு. என்ன செய்யப் போறீங்கன்னு என் கூட்டாளிங்களைக் கேக்குறேன்."

நஷ்டஈடு தர வேண்டும் என்று காதர் பாய் தீர்மானம் கொண்டுவந்தார். கூட்டத் தலைவர் கை தூக்கச் சொன்னார். கை தூக்கும்போது ஆளுக்கு ஒரு வோட்டுதான். மண்டபத்தின் பின்பாதி முழுக்க எங்கள் கைகள் எழுந்தன. ஜெயித்துவிட்டோம். அந்த நிமிஷத்தை நான் எந்த ஊரிலும் மறக்க மாட்டேன். உடனே தலைவர், பங்குக் கணக்குப்படி வோட்டெடுக்க உத்தரவிட்டார். அதற்கும் சட்டத்தில் இடம் இருந்தது. பாதிக்கு மேல் பங்கைக் கையில் வைத்திருந்த பழைய முதலாளி, முன்வரிசை நாற்காலியில் இருந்த ஒரே மனிதர், எங்கள் எல்லோரையும் தோற்கடித்தார்.

மறுநாள் காலை யாரும் மெஷினைத் தொடவில்லை. காதர் பாய் வழக்கை நஷ்டஈட்டு அதிகாரியிடம் கொண்டுபோனார். ஆலை ஓடாமல் கிடக்க, வழக்கு நடந்தது, செல்லம்மா ஜெயித்தாள். காந்தி மார்க்கெட்டில் காய்கறிக் கடை போட்டாள். பின்வரிசையில் முதலில் கை தூக்கியவன் என்று என்னை வேலையிலிருந்து நீக்கினார்கள். அக்கம்பக்கத்து ஆலைகளும் சேர்க்கவில்லை. அப்படித்தான் கப்பல் ஏறினேன்.

போன மாதம் ஸ்ரீரங்கத்திலிருந்து என் அக்கா எழுதியிருந்தாள். பங்கைத் திருப்பிக் கொடுத்துவிட்டால் பழைய வேலை கிடைக்குமாம்; மேனேஜரே ஆளனுப்பிச் சொன்னாராம். முடியாது என்று அன்றே பதில் போட்டேன். ஊரைப் பார்க்க ஆசை இல்லாமலா? இருக்கிறது. அந்த விலைக்கு வேண்டாம்.

இங்கேயும் தொழிலாளர்கள் சங்கம் சேர்க்கத் தொடங்கியிருக்கிறார்கள். கங்காணிக்குத் தெரிந்தே இன்று மாலை கூட்டத்துக்குக் கிளம்புகிறேன். அக்கா அனுப்பிய புது வேட்டியைக் கட்டிக்கொண்டேன். எங்கள் ஆலை நூலில் நெய்தது. வழியெல்லாம் மழைத் தண்ணீர். வெள்ளை வேட்டியின் கரையில் மலாயாச் செம்மண் ஏறிக்கொண்டே வருகிறது. நான் அதைத் தூக்கிப் பிடிக்கவில்லை.