பலகை தாங்காத சுவர்கள்

சுவரில் பலகை மாட்டும் தொழிலில் துளை போடுவது கொஞ்ச நேர வேலைதான். சுவருக்குச் சொந்தக்காரரை ஒப்புக்கொள்ள வைப்பதில்தான் பொழுது போய்விடுகிறது.

ஒரு அலமாரி மாட்டப் போய், ஆணியோடு கையகலப் பூச்சும் பெயர்ந்து விழுந்ததைப் பார்த்தவர்கள் எல்லாரும் என் இனம். நான் மாட்டுவது விரல் பலகை. செயற்கைச் சுவர் ஏறும் விளையாட்டுக்காரர்கள் விரலுக்குப் பலம் ஏற்றும் மரப்பலகை அது. இரண்டடி நீளம், விரல் நுனி மட்டும் நுழைகிற பள்ளங்கள். அதைப் பிடித்து முழு உடம்பும் தொங்க வேண்டும்.

எங்கள் பல்கலைக்கழகத்தில் அப்படி ஏற ஒரு சுவர் உண்டு. பெண்கள் நாங்கள் நாலு பேர், அணியில் இடம் மூன்று. கோடை விடுமுறைக்குச் சுவரைப் பூட்டினார்கள், திறந்ததும் தேர்வு என்றார் கோச் மேடம். அதுவரை விரல் இளகிவிடக் கூடாது என்றால் அவரவர் வீட்டில் பலகை வேண்டும். மாமாவின் டிரில்லிங் மெஷின் என்னிடம் இருந்தது, யாரையும் எதிர்த்துப் பேசத் தயங்க மாட்டேன் என்ற பெயரும் இருந்தது. மாட்டும் வேலை என் தலையில் விழுந்தது.

நாலு பேரில் மலர்க்கொடிக்குத்தான் நெருக்கடி. குன்னத்துக்காரி, வெங்காயம் போடுகிற குடும்பம். "இந்தத் தடவையும் டீம்ல எடுக்கலேன்னா சுவரு ஏறுனது போதும், வூட்டோட இரு" என்று அவள் அப்பா சொல்லிவிட்டார்.

டிவி தாங்கும் பிளக்கு

பெரம்பலூரில் ஒரு ஹார்டுவேர் கடை. சுவருக்குள் விரிந்து பிடிக்கிற ஆங்கர் போல்ட் கேட்டேன். கடைக்காரர் பிளாஸ்டிக் பிளக்கை எடுத்து வைத்தார். "இதுவே போதும்மா. அம்பத்தஞ்சு இஞ்ச் டிவியவே தாங்குது."

டிவி தொங்கினால் தொங்கியபடி இருக்கும், ஆள் தொங்கினால் எம்பும், ஆடும், ஒவ்வொரு ஆட்டமும் போல்ட்டை வெளியே இழுக்கும் என்று நின்று விளக்கினேன். என் பின்னால் பெயின்ட் வாங்க வந்தவர்கள் எல்லாம் சேர்ந்துவிட்டார்கள். பொறுமையாகக் கேட்டுவிட்டுக் கடைக்காரர் சொன்னார்: "அப்ப நீங்களும் டிவி மாதிரி ஆடாம அசையாம தொங்குங்க."

சமையலறைப் பக்கம்

முதல் வீடு ரெட்டிபாளையம், சுகந்தியுடையது. அவள் அப்பாவுக்கு சிமெண்ட் ஃபேக்டரியில் மூட்டை கட்டும் பிரிவில் வேலை. சுவரைத் தட்டிப் பார்த்து, "இது அரைக்கல் சுவர், போல்ட் நிக்காது" என்றேன். அவர் முகம் மாறிவிட்டது. "ஊருக்கே சிமெண்ட் அனுப்புறோம். எங்க வூட்டுச் சுவத்தையா சொல்ற?" நல்ல சிமெண்ட் ஊருக்குப் போய்விட்டதோ என்னவோ, டிரில்லை அழுத்தியதும் மாவுக்குள் போவதுபோல் போனது. சுவருக்கு அந்தப் பக்கம் சமையலறையிலிருந்து சுகந்தியின் அம்மா நிதானமாக, "இங்க வந்துருச்சு கண்ணு, போதும்" என்றார்.

வந்தது வந்துவிட்டது என்று அந்தத் துளைகளையே பயன்படுத்தினோம். நீளமான போல்ட்டை அந்தப் பக்கம் வரை விட்டு, சமையலறைச் சுவரில் இரும்புப் பட்டை வைத்து முறுக்கினோம். இழுக்கும் பாரத்தைப் பட்டை சுவர் முழுக்கப் பரப்பிவிடும். சுகந்தி தொங்கினாள், சுவர் முனகக்கூட இல்லை. அடுத்த வாரம் அவள் அம்மா போன் செய்தார். விரிசல் விட்டுவிட்டதோ என்று பயந்து எடுத்தேன். "போல்ட்டு நீட்டிக்கிட்டு இருக்குதுல்ல, அதுல கரண்டி மாட்டியிருக்கேன். இன்னும் ரெண்டு ஓட்டை போட்டா வடிதட்டையும் மாட்டிக்குவேன்."

கோயில் ஊர்

கங்கைகொண்ட சோழபுரத்தில் ரேணுகா வீடு. பேசியதெல்லாம் அவள் பெரியப்பா. "ஆயிரம் வருசமா நிக்கிற கோயில் இருக்கிற ஊரு பாப்பா இது. எங்க சுவத்துல ஒரு பலகை நிக்காதா?" கோயிலைக் கருங்கல்லில் கட்டினார்கள், உங்கள் வீட்டுப் பூச்சில் பாதிக்கு மேல் மணல் என்றேன். "அப்ப கோயில்லயே போயி மாட்டு" என்றார்.

அளவு பார்ப்பதற்காக மட்டும் பலகையை இரண்டு திருகில் நிறுத்தியிருந்தேன். தண்ணீர் குடிக்க நான் அந்தப் பக்கம் போன நேரம், பெரியப்பா வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு பிடித்துத் தொங்கிவிட்டார். திருகு கடித்திருந்தது பூச்சை மட்டும்தான், கல்லை இல்லை. தொப்பென்ற சத்தம் கேட்டு ஓடிவந்தோம். மடியில் பலகை, தலையில் சுண்ணாம்பு, பின்னால் சுவரில் செங்கல் தெரியும் ஒரு பெரிய பள்ளம். தரையில் உட்கார்ந்தபடி பலகையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். அவர்களுடைய முந்திரிக் கொட்டகையின் கான்கிரீட் தூணில்தான் பிறகு மாட்டினோம். அன்றைக்கு அவர் சொன்னது இவ்வளவுதான்: "பலகை நல்லாத்தான் இருக்கு. ஒரு கீறல் இல்ல."

தாத்தா இருக்கும் இடம்

மலர்க்கொடியுடையது ஓட்டு வீடு. வெளிச்சுவரோரம் கூரை தாழ்ந்து வரும், அங்கே மாட்டினால் கால் தரையில் நிற்கும். அறை பிரிக்கும் சுவர்கள் கூரையைத் தொடாத தடுப்புகள், கையால் அழுத்தினால் அசைகின்றன. நடுச்சுவர் உயரம்தான், ஆனால் மண் வைத்துக் கட்டியது. அதில் சமையலறைக் கதவை அகலப்படுத்தியபோது மேலே சுவரைத் தாங்க ஒரு கான்கிரீட் லிண்டல் போட்டிருக்கிறார்கள். வீட்டிலேயே போல்ட் நிற்கும் ஒரே இடம் அதுதான். அந்த இடத்தில் மாலையும் சின்ன பல்புமாக மலர்க்கொடியின் தாத்தா படம்.

"எங்கப்பாவை எறக்கிட்டு இவ தொங்கணுமா?" என்றார் அவள் அப்பா.

பேத்தி முன்னுக்கு வந்தால் தாத்தாவுக்குச் சந்தோஷம்தானே என்றேன்.

"நீ அவரைப் பார்த்ததில்ல பாப்பா. நான் சைக்கிள் வாங்குனதே அவருக்குப் பிடிக்கல."

"மகன் இருந்து அவன் தொங்கறதுன்னா விடுவீங்களா?"

"அவனையும் விடமாட்டேன்."

சமத்துவம் பேச வந்தவளுக்கு அதற்கு மேல் பேச வழியில்லை. ஆனாலும் பேசினேன். மூன்று முறை குன்னத்துக்கு பஸ் ஏறிப் போய்ப் பேசினேன். மலர்க்கொடி அதுவரை வேப்பமரக் கிளையில் தொங்கிக்கொண்டிருந்தாள். கிளை உருண்டை, விரல் நுனிக்கு அதில் வேலையே இல்லை. தேர்வு நெருங்கிக்கொண்டிருந்தது. அவள் முகத்தைப் பார்ப்பதைத் தவிர்த்தேன்.

மூன்றாவது முறை போன அன்று அமாவாசை. துடைத்துச் சந்தனம் வைப்பதற்காக அன்று மட்டும்தான் அந்தப் படத்தைக் கழற்றுவார்கள். அவள் அப்பாவும் நானும் வாசலில் உரக்க விவாதித்துக்கொண்டிருந்தோம். உள்ளே அவள் அம்மா படத்தை இறக்கித் துடைத்தார், சந்தனம் குங்குமம் வைத்தார். தடுப்புச் சுவரில் தொங்கிய காலண்டரைக் கழற்றிவிட்டு, அந்த ஆணியில் படத்தை மாட்டினார். பல்பு ஒயரையும் இழுத்துக் கட்டினார். சுவர் லேசாக அசைந்து நின்றது. அவள் அப்பா உள்ளே வந்து பார்த்துவிட்டு வாயைத் திறந்தார். அதற்குள் அம்மா சொல்லிவிட்டார்: "மாமாவுக்கு ஒரு ஆணி போதும். இவளுக்குத்தான் சுவரு வேணும்."

தேர்வு

பலகையை அன்றைக்கே மாட்டினேன், அவள் அப்பாதான் ஸ்டூலைப் பிடித்துக்கொண்டார். மற்றவர்களைவிடக் குறைந்த நாட்களே அவளுக்குக் கிடைத்தன. தேர்வில் முதலிடம் சுகந்திக்கு, அடுத்த இடம் ரேணுகாவுக்கு. மூன்றாவது இடத்துக்கு நானும் மலர்க்கொடியும். உச்சிக்குக் கொஞ்சம் கீழே ஒரு சின்னப் பிடியில் என் விரல் திறந்துகொண்டது, விழுந்தேன். அதே பிடியில் அவள் விரல் திறக்கவில்லை.

அந்தப் பிடி வழுக்குகிறது, யாரும் துடைக்கவில்லை, இருவரில் முதலில் ஏறிய எனக்கு இது அநியாயம் என்று கோச் மேடத்திடம் வரிசையாக எடுத்து வைத்தேன். முழுக்கக் கேட்டார். பிறகு, "உங்க வூட்டுல எந்தச் சுவத்துல மாட்டியிருக்க?" என்றார். உள்ளதைச் சொன்னேன். ஹால் சுவர் என்கிறார் அப்பா, படுக்கையறை லிண்டல் என்கிறேன் நான், இரண்டு பக்கமும் காரணம் இருக்கிறது, இன்னும் தீரவில்லை, பலகை பீரோவுக்குப் பின்னால் சாய்ந்திருக்கிறது. "சரி, தீர்ந்ததும் சொல்லு" என்று ஆண்கள் பட்டியலில் அடுத்த பெயரைக் கூப்பிட்டார்.

சாயங்காலம் மலர்க்கொடியின் அப்பா போனில் வந்தார். நன்றி சொல்வார் அல்லது ஆறுதல் சொல்வார் என்று எதிர்பார்த்தேன். "அதான் டீம்ல எடுத்துட்டாங்கல்ல பாப்பா, இனிமே அந்தப் பலகையைக் கழட்டிரலாமா?" என்றார். பக்கத்தில் மலர்க்கொடியின் அம்மா குரல் கேட்டது: "போனை வைங்க."

ஆக, இந்த வருஷம் எங்கள் அணியில் மூன்று பேர் சுவர் ஏறுகிறார்கள், சுவர்களைப் பற்றி எல்லாம் தெரிந்த ஒருத்தி கீழே நின்று அவர்கள் விழாமல் கயிறு பிடிக்கிறாள்.