தனபாலின் ஜப்பான் சைக்கிளும் வர மறுத்த சீட் பில்லரும்

1. சூடு காட்டினால் வரும் என்று நினைத்தேன்

பைப் ரிஞ்சு வழுக்கி என் முழங்கையில் அடித்தது. சீட்டுக்கு அடியில் ஃப்ரேம் பைப்புக்குள் இறங்குகிற தண்டு, அதாவது சீட் பில்லர், இம்மியும் அசையவில்லை. எனக்குக் கோபம் தலைக்கேறிவிட்டது. பக்கத்து வெல்டிங் பட்டறையிலிருந்து கேஸ் நாசிலை வாங்கி வந்து, சீட் பைப்பைச் சுற்றிச் சூடு காட்டினேன். இறுகிப்போன எந்தச் சாமானுக்கும் எங்கள் வைத்தியம் அதுதான். மண்ணெண்ணெய் ஊற்று, தட்டு, வரவில்லையென்றால் காய்ச்சு. இத்தனை வருஷத்தில் அதற்கு மசியாத பில்லரை நான் பார்த்ததில்லை.

அன்றைக்குப் பெயின்ட் குமிழ் விட்டுக் கருகியதுதான் மிச்சம். அதற்கு முன்னால் கிறீச்சென்று கொஞ்சம் சத்தமாவது கொடுத்துக்கொண்டிருந்த பில்லர், ஒரேயடியாகக் கல்லாகிவிட்டது.

"போதும்ணே, நெருப்ப நிறுத்துங்க" என்றார் தனபால். வண்டி அவருடையது. முகம் செத்துப்போயிருந்தது.

என்னைப் பற்றிக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். செஞ்சியில் திருவண்ணாமலை ரோட்டில் சைக்கிள் கடை வைத்திருக்கிறேன். பெயர் ஏழுமலை. கடையைவிட ஸ்கூல் சைக்கிளால்தான் என்னைத் தெரியும். பிளஸ் ஒன் பிள்ளைகளுக்கு அரசாங்கம் கொடுக்கிற சைக்கிள் லாரியில் பாகம் பாகமாக வந்து மைதானத்தில் இறங்கும். அவலூர்பேட்டை, மேல்மலையனூர் என்று ஊர் ஊராகப் போய் மாட்டிக் கொடுப்போம். காலையில் வெறும் ஃப்ரேமாகக் கிடந்தது சாயங்காலம் வரிசையாக ஸ்டாண்டு போட்டு நிற்கும். அந்த வேகத்தில் பழகிய கை இது. சும்மா இருந்தால் குறுகுறுக்கும். கேஸ் ஸ்டவ் குமிழைக் கழட்டிப் பார்த்துவிட்டு வீட்டில் திட்டு வாங்கியிருக்கிறேன். காத்திருப்பது என்ற வேலை மட்டும் எனக்கு வராது. இந்த வண்டி அதைத்தான் என்னிடம் கேட்டது.

2. பொழுதோடு போட்டி போட்ட வண்டி

தனபால் அதை மினி டெம்போவில் கொண்டு வந்து இறக்கியபோது நான் சிரித்துவிட்டேன்.

"இன்னா தனபாலு, சைக்கிள் எங்க? எலும்புக்கூடு மட்டும் எடுத்தாந்துக்கிற?"

"ஜப்பான் வண்டிண்ணே. ஸ்டீல் ரோடு பைக்கு. தூக்கிப் பாருங்க."

தூக்கினேன். நம் ஊர் வண்டியைத் தூக்குகிற கணக்கில் தூக்கியதால் அது மோவாய்க்கு வந்து நின்றது. மெல்லிய பைப். பைப் சேருமிடத்தில் எல்லாம் லக் என்கிற உறை வைத்துப் பித்தளையை உருக்கி ஒட்டியிருந்தார்கள், பிசிறு தெரியவில்லை. கீழ்ப் பாரில் இரண்டு கியர் லிவர். ஆட்டுக்கொம்பு மாதிரி வளைந்த ஹேண்டில்பார். செயின் துருவேறிக் கம்பியாகிவிட்டது. வீல் இரண்டும் கோட்டம். ஆனால் ஃப்ரேம் நேராக இருந்தது.

தனபால் மேல்சித்தாமூர்க்காரர். நயினார் குடும்பம், சமணர்கள். பொழுது சாய்ந்தபின் வாயில் அரிசி வைக்க மாட்டார்கள். சிங்கப்பூரில் கப்பல் பட்டறையில் பைப் ஃபிட்டராக இருந்தபோது அதுதான் அவருக்குப் பெரிய பாடாக இருந்திருக்கிறது. வேலை முடிந்ததும் கம்பெனி லாரி எல்லோரும் ஏறுகிற வரைக்கும் நிற்கும். ரூமுக்குப் போவதற்குள் இருட்டிவிடும். பாதி நாள் ராப்பட்டினி. பழைய சாமான் கடையில் இந்த வண்டியைப் பார்த்து வாங்கியிருக்கிறார். அதற்கப்புறம் லாரியை முந்திக்கொண்டு போய், உலை வைத்து, வெளிச்சம் இருக்கும்போதே சாப்பிட்டு முடித்துவிடுவாராம்.

"சூரியன் ஒரு பக்கம், நான் ஒரு பக்கம்ணே. ஒரு நாள்கூட நான் தோக்கல" என்றார். அதைச் சொல்லும்போது மட்டும் அந்த மனுஷன் முகத்தில் வெளிச்சம் இருந்தது.

பிறகு நெஞ்சுவலி வந்தது. ஸ்டென்ட் வைத்தார்கள். போன வருஷம் ஒரேயடியாக ஊருக்கு வந்துவிட்டார். வண்டி அதற்கும் முன்னாலேயே கன்டெய்னரில் வந்து மாட்டுக் கொட்டகையில் கிடந்தது. இடம் அடைக்கக் கூடாது என்று சீட்டை அடி வரைக்கும் இறக்கி அனுப்பியிருந்தார்கள். கடல் காற்றும் மழையும் சேர்ந்து அப்படியே பிடித்துக்கொண்டது. நாலு விரல் உயரம்தான் வெளியே தெரிந்தது. அந்த உயரத்தில் உட்கார்ந்தால் முட்டி மோவாயில் இடிக்கும். பில்லர் வந்தால்தான் அது வண்டி, வராவிட்டால் பழைய இரும்பு.

"ஓவராயில் பண்ணி, பச்சை பெயின்ட் அடிச்சி, ஸ்டிக்கர் ஒட்டித் தந்துடறேன்" என்றேன். ஓவராயில் என்றால் எங்களுக்குப் பெயின்ட்டும் சேர்த்துதான்.

"பெயின்ட்ட மட்டும் தொடாதீங்கண்ணே. துருவ எடுங்க, கிரீஸ் போடுங்க. அது அதுவாவே இருக்கட்டும்."

பெயின்ட் அடிக்காத ஓவராயிலா? தலை சீவாமல் கல்யாணத்துக்குப் போகிற மாதிரி இருந்தது எனக்கு. இருந்தாலும் ஒத்துக்கொண்டேன். பெடல் அச்சு சுற்றுகிற பி.பி. கப்பைக் கழட்டினேன், உள்ளே கிரீஸ் சோப்பாக உறைந்திருந்தது. பேரிங் பால்ஸ் எல்லாம் மாற்றினேன். பரோட்டா பார்சலில் வருகிற சில்வர் பேப்பரைத் தண்ணீரில் நனைத்துத் தேய்த்ததில் குரோமியம் பளபளவென்று வந்தது. வீல் கோட்டம் எடுத்தேன். டயரும் செயினும் கேபிளும் தனபால் போனிலேயே ஆர்டர் போட்டு வரவழைத்தார். எல்லாம் முடிந்தது, பில்லரைத் தவிர. அந்த அவசரத்தில்தான் நெருப்பைக் காட்டிப் பெயின்ட்டைக் கருக்கினேன்.

3. பத்மாவதி கேட்டது

இரண்டு நாள் கழித்துத் தனபாலின் மனைவி பத்மாவதி கடைக்கு வந்தது. பஸ்ஸில் தனியாக வந்திருந்தது. ஸ்டூலைப் போட்டேன், உட்காரவில்லை.

"அண்ணா, அந்த சைக்கிள முடிச்சுக் குடுக்காதீங்க."

எனக்குப் புரியவில்லை.

"அவரு நெஞ்சுக்குள்ள கம்பி இருக்குது. இது கைக்கு வந்துச்சின்னா சிங்கப்பூர்ல ஓட்டுன மாதிரியே ஓட்டுவாரு. மெதுவாப் போறதுன்னா இன்னான்னே அந்த ஆளுக்குத் தெரியாது. எங்கயாவது ரோட்டுல உழுந்து கெடந்தா யாரு பாப்பாங்க?"

"டாக்டரு இன்னாம்மா சொன்னாரு?"

 தலையைக் குனிந்துகொண்டு சொன்னது. "நான் கேக்கல. போலாம்னு சொல்லிடுவாரோன்னுதான் கேக்கல."

 பேச்சை மாற்றுவதற்காக ஃப்ரேமைக் காட்டினேன். "நீ கவலப்படாத. நானே முடிக்க முடியாமத்தான் குந்திக்கினு இருக்கேன். பாரு, நெருப்பு காட்டியும் வரல."

பத்மாவதி குனிந்து பார்த்தது. "இது அலுமினியமாச்சே. வெளியதான இரும்பு? டம்ளர் ஒண்ணுக்குள்ள ஒண்ணு மாட்டிக்கிச்சின்னா உள்ள ஐஸ் தண்ணி ஊத்தி, வெளிய சுடுதண்ணி ஊத்துவோம். நீங்க ரெண்டையும் சேத்துக் காய்ச்சினா எப்பிடி வரும்?"

சொல்லி முடித்த பிறகுதான் என்ன சொன்னோம் என்பது அதற்கே உறைத்தது. முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டது. நான் அதைப் பார்த்தேன், அது என்னைப் பார்த்தது. 

நம் ஊர் வண்டியில் பில்லரும் இரும்பு, பைப்பும் இரும்பு. இதில் பில்லர் அலுமினியம். சூட்டில் இரும்பைவிட அது அதிகமாக விரியும். நான் காய்ச்சக் காய்ச்ச அது உள்ளே இன்னும் நெருக்கிக்கொண்டிருக்கிறது. இந்தத் தொழிலில் நரைத்த எனக்கு அது தோன்றவில்லை.

"அண்ணா, நான் சொன்னத மறந்துடுங்க" என்று சொல்லிவிட்டு பஸ்ஸுக்கு ஓடியது.

4. கையைக் கட்டிக்கொண்டு இருந்த நாட்கள்

மறப்பதா? வழி தெரிந்துவிட்டது. எதிர்க் கடை ஃப்ரிட்ஜில் ஐஸ் இருக்கிறது. செய்யவும் கூடாது, செய்யாமல் இருக்கவும் முடியவில்லை. பஞ்சர் ஒட்டிக்கொண்டிருப்பேன், கண் அந்த ஃப்ரேம் மேலேயே இருக்கும். ஒரு தடவை எதிர்க் கடைக்கே போய், ஐஸ் கேட்க வாயெடுத்து, பிறகு சர்பத் வாங்கிக் குடித்துவிட்டு வந்தேன்.

தனபால் தினமும் வந்தார். "இன்னாண்ணே ஆச்சி?" என்பார். "ஆயில் ஊறணும்பா" என்பேன். உட்காருவார், எழுந்து ரோடு வரைக்கும் போவார், திரும்பி வருவார், பெடலைச் சுற்றி விடுவார். பஸ் ஹாரன் அடித்தால் எரிந்து விழுவார். நானும் கால் ஆட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பேன். எங்கள் இரண்டு பேரையும் பார்த்து டீக்கடைக்காரர், "ரெண்டு பேரும் ராஜகிரி மலைய ஒரு சுத்து சுத்திட்டு வாங்கய்யா, தலை வலிக்குது" என்றார்.

ஒரு நாள் தனபால் வந்து சுவரில் சாய்ந்து நின்றார். உட்காரவுமில்லை, நடக்கவுமில்லை. அது எனக்குப் பிடிக்கவில்லை.

"வண்டிய வுட்டுடுங்கண்ணே. ஏஜென்ட்டுகிட்ட பேசிட்டேன். மறுபடியும் சிங்கப்பூர் போறேன். சூப்பர்வைசர் வேலை. மெடிக்கல்ல எப்பிடியாச்சும் பாஸ் பண்ணிடலாம்ன்றான்."

"நெஞ்சுல ஸ்டென்ட்ட வெச்சிக்கினா? பத்மாவதிக்குத் தெரியுமா?"

"டிக்கெட் வந்தப்புறம் சொல்லிக்கலாம். வீட்ல குந்திக்கினே இருந்தா அதுக்கு முன்னாடி பைத்தியம் புடிச்சிடும்ணே எனக்கு."

 வண்டியை நிறுத்தினால் ஆள் வீட்டில் நிற்பார் என்று நினைத்தோம். ஆள் கடலைத் தாண்டிப் போக நிற்கிறார். தனபால் போனதும் பத்மாவதிக்குப் போன் போட்டேன். சுற்றி வளைக்கவில்லை, கேட்டதைக் கேட்டபடியே சொன்னேன்.  "வெக்கறேண்ணா" என்று மட்டும் சொன்னது.

5. பிளாஸ்க்கில் வந்தது

அடுத்த வாரம் இரண்டு பேரும் சேர்ந்து வந்து இறங்கினார்கள். பத்மாவதி கையில் இரண்டு பிளாஸ்க். டீயாக்கும் என்று நினைத்தேன்.

"இதுல ஐஸு, இதுல சுடுதண்ணி" என்றது. "விழுப்புரம் போய் டாக்டர கேட்டுட்டோம்ணா. மெஷின் மேல நடக்க வெச்சிப் பாத்தாரு. மட்ட ரோட்டுல மூச்சு வாங்காம ஓட்டலாமாம். மேடு வந்தா எறங்கித் தள்ளிக்கினுதான் போவணுமாம்."

தனபால் என்னைப் பார்த்த பார்வையில் பத்மாவதி அவரிடம் எல்லாவற்றையும் சொல்லிவிட்டது என்று புரிந்தது. "ஆயில் ஊறுது, ஆயில் ஊறுதுன்னு இன்னா நடிப்புண்ணே" என்றார். கோபம் பாதி, சிரிப்பு பாதி.

சீட்டைக் கழட்டிவிட்டுப் பில்லருக்குள் அடியில் துணியை அடைத்து ஐஸை நிரப்பினேன். தனபால் ஃப்ரேமை இரண்டு காலுக்கும் நடுவில் இறுக்கிப் பிடித்துக்கொண்டார். பத்மாவதி வெளிப் பைப்பில் சுடுதண்ணீரைச் சுற்றிச் சுற்றி ஊற்றியது. நான் ரிஞ்சைப் போட்டேன். ஒன்றுமில்லை. இன்னொரு தடவை. ஒன்றுமில்லை. மூன்றாவது தடவை உள்ளேயிருந்து டக்கென்று ஒரு சத்தம் வந்தது.  பில்லர் வெள்ளைத் தூளைக் கொட்டிக்கொண்டு திருகித் திருகி வெளியே வந்தது. எனக்குக் கண் கலங்கிவிட்டது, வெட்கமில்லாமல் சொல்கிறேன். கிரீஸ் தடவி, தனபாலின் காலை அளந்து, சரியான உயரத்தில் வைத்து முடுக்கினேன்.

"நாட்டார்மங்கலம் வரிக்கும் போயிட்டு வந்துடறேன்" என்று கிளம்பினார்.

வர வேண்டிய நேரத்துக்கு வரவில்லை. போன் எடுக்கவில்லை. பத்மாவதி ரோட்டு ஓரத்திலேயே நின்றது. நான் கையில் கிடைத்த நட்டையெல்லாம் முடுக்கினேன், கழட்டினேன். போகிற பஸ்ஸையெல்லாம் நிறுத்தி டிரைவரைக் கேட்கலாமா என்றிருந்தது. வெயில் மஞ்சளாகிவிட்டது. நான் ஏன் அந்தப் பில்லரை எடுத்தேன் என்று என்னை நானே திட்டிக்கொண்டிருந்தபோது, தூரத்தில் குனிந்த உருவம் ஒன்று வந்தது. மெதுவாகத்தான் வந்தது.

சட்டை நனைந்திருந்தது. மூச்சு கொஞ்சம் வாங்கியது. "மேடு வந்தப்பல்லாம் எறங்கித் தள்ளிக்கினு போனேன், அதான் லேட்டு" என்றார்.

பத்மாவதி திட்டவில்லை, அழவுமில்லை. அவர் நெற்றி வேர்வையை முந்தானையால் துடைத்துவிட்டது. பிறகு என் பக்கம் திரும்பி, "அண்ணா, சீட்ட ரெண்டு விரல் எறக்குங்க" என்றது.

"ஏம்மா? இதான் கரெக்டு ஹைட்டு."

"கரெக்டா இருந்தா வேகமா ஓட்டத் தோணும். எறக்கி வெச்சா மெதுவாத்தான் போவ முடியும்."

நான் தனபாலைப் பார்த்தேன். அவர் ரோட்டைப் பார்த்தார், மனைவியைப் பார்த்தார். "எறக்குங்கண்ணே" என்றார். போல்ட்டைத் தளர்த்தி உள்ளங்கையால் அழுத்தினேன், பில்லர் இறங்கியது.

அந்த உயரம் தப்புதான். முட்டி முழுசாக நீளாது. அந்த வண்டி கடையைத் தாண்டும்போதெல்லாம் ஒரு மெக்கானிக்காக எனக்கு உறுத்தும். ஆனால் அவர் சிங்கப்பூர் பேச்சை எடுப்பதில்லை, வண்டி வாரத்தில் பல நாள் கடையைத் தாண்டுகிறது. தொழிலுக்கு வரும் பிள்ளைகளுக்குச் சொல்கிறேன்: சீட் உயரம் வைக்கும்போது ஓட்டுகிறவரின் காலை மட்டும் அளந்து பழகிவிட்டோம். வீட்டில் காத்திருக்கிறவரையும் கடைக்குக் கூட்டி வரச் சொல்லுங்கள், அவரையும் கேட்டு வையுங்கள்.