ஒரே சாதி

காளானைப் பற்றி யாராவது கேட்டால் இப்போதெல்லாம் தெரியாது என்று சொல்லிவிடுகிறேன். தாவரவியலில் முதுகலை முடித்தவன் பேசுகிற பேச்சா இது? ஆனால் தெரியும் என்று சொல்லி நான் செய்த காரியம் அப்படி.

மூன்று வருஷத்துக்கு முன் பாலக்காட்டில் படிப்பை முடித்துவிட்டு, மூணாறு பக்கம் தேயிலை எஸ்டேட் தொழிலாளர் லயத்தில் இருந்த அண்ணன் வீட்டுக்கு வந்திருந்தேன். மழை விட்ட காலையில், பைன் மரத்தடியில் பழுப்புத் தொப்பியோடு ஒரு காளான் கூட்டம். கேட்க வேண்டுமா! மதினியைக் கூப்பிட்டுப் பாடம் எடுத்தேன்.

"கவுத்துப் பாருங்க மதினி. மத்த காளானுக்கு அடியில மடிப்பு மடிப்பா இருக்கும். இதுக்குப் பஞ்சு மாதிரி, பூராம் சின்னச் சின்ன ஓட்டை. போலீட்டஸ்னு பேரு. இதைத் தின்னலாம்."

பக்கத்திலேயே, அடிப்பக்கம் சிவந்த இன்னொன்று நின்றது. "இது என்ன தம்பி?" என்றாள்.

"இதும் அதும் ஒரே சாதிதான் மதினி."

பேரினம் என்பதை அவளுக்குப் புரிகிற மாதிரி சொல்லிவிட்டேனாம், பெரிய மேதாவி! லயத்தில் கீரையோ பழமோ ஒரே சாதி என்றால், ஒன்றைப் போல இன்னொன்றையும் தின்னலாம் என்று அர்த்தம். ஒரு பேரினத்துக்குள்ளேயே ருசியானதும் இருக்கும், குடலைப் புரட்டுவதும் இருக்கும். அது எனக்குத் தெரியும். சொல்லத்தான் இல்லை. வீட்டில் டீ ஆறிக்கொண்டிருந்தது.

அன்றைக்குப் பழுப்புக் காளானை வதக்கி மூன்று பேரும் சாப்பிட்டோம். மறுவாரம் நானும் அண்ணனும் வெளியே போயிருந்த நேரம், மதினி சிவப்பைப் பறித்துச் சமைத்துவிட்டாள். நாங்கள் திரும்பியபோது வாந்தியும் பேதியுமாகச் சுருண்டு கிடந்தாள். பக்கத்தில் எட்டு மாதப் பிள்ளை பாலுக்கு அழுதுகொண்டிருந்தது.

"நறுக்குன இடமெல்லாம் நீலமாச்சு தம்பி. ஒரே சாதிதானேன்னு போட்டுட்டேன்," என்று ஜீப்பில் என் காதோடு சொன்னாள். சிவந்தது நீலமானால் தொடக்கூடாது என்பதையும் நான் சொல்லியிருக்கவில்லை.

ஆசுபத்திரியில் டாக்டர் மலையாளத்தில் அதட்டினார். "இது கழிக்கான் ஆரா பறஞ்ஞே?" தின்னச் சொன்னது யார் என்று கேட்கிறார். மதினி என்னைப் பார்க்கவேயில்லை. "நானாத்தான் பறிச்சேன் சார்," என்றாள். "கண்டதையும் திம்பியா? புத்தி இருக்கா?" என்று அண்ணன் எல்லார் முன்னாலும் கத்தினான். நான் பிள்ளையைத் தோளில் போட்டுத் தட்டிக்கொண்டே இருந்தேன். சீ!

பிழைத்துவிட்டாள். பால்தான் வற்றிவிட்டது. பிள்ளை டின் பாலில் வளர்ந்தான்.

இந்த மழைக்குப் போயிருந்தபோது, அதே பைன் மரத்தடியில் மதினி நின்றாள். "நீ சரியாத்தான் சொல்லியிருப்ப தம்பி. நான் பறிச்சது வேற சாதியா இருந்திருக்கும், என்ன?"

பிள்ளை அவள் முந்தானையைப் பிடித்துக்கொண்டு என்னையே பார்த்தான்.

"ஆமா மதினி," என்றேன். "வேற சாதி."