கில்னாம் செத்த போர்க்களங்கள்

கொரியாவின் முங்யோங் மலையடிவாரத்தில் ஆப்பிள் தோட்டம் வைத்திருந்த பியோ கில்னாமுக்கு ஆப்பிளைவிடச் சாவதில்தான் பேர். ஊருக்குப் பின்னால் டிவிக்காரர்கள் பழங்கால அரண்மனை ஒன்றைக் கட்டி வைத்திருந்தார்கள். எந்தச் சரித்திரத் தொடர் எடுத்தாலும் போரில் விழுந்து சாக ஆள் தேவைப்பட்டது. கில்னாம் விழுந்தால் மூக்கில் ஈ உட்கார்ந்தாலும் அசையமாட்டார்.

காலையில் பழைய கோகுர்யோ நாட்டு வீரனாகச் சீனர்களிடம் வெட்டுப்படுவார். மத்தியானம் மீசையை மாற்றிக்கொண்டு ஜப்பானியக் கப்பல்காரர்களால் சுடப்படுவார். ஒரு தொடரில் சில்லா நாட்டுப் படையில் நின்று எதிரி நாடான பெக்ஜேக்காரன் ஒருவனைக் குத்தினார். மறுநாள் குத்துப்பட்டவனும் அவரே.

"இன்னிக்கு எந்த ராஜாவுக்காகச் செத்தீங்க?" என்பாள் மனைவி ஒக்பூன்.

"ராஜா பேரெல்லாம் நமக்கு எவன் சொல்றான்? ஈட்டி இடது பக்கம் வந்துச்சு, வலது பக்கம் விழுந்தேன்."

அந்த இலையுதிர்காலத்தில் மங்கோலியப் படையெடுப்பு நடந்தது. நெஞ்சில் அம்போடு கில்னாம் மதிலுக்கு வெளியே பள்ளத்தில் உருண்டார். தலைக்கவசத்துக்குள் காதை அடைத்துப் பஞ்சு. டைரக்டர் 'கட்' சொன்னது கேட்கவில்லை. மற்ற பிணங்கள் எழுந்து சாப்பிடப் போயின. படப்பிடிப்புக் குழு அடுத்த ஊருக்கு வண்டியேறியது. சொல்லாமல் எழுந்திருப்பது தொழிலுக்கு அழகல்ல என்று கில்னாம் கிடந்தார்.

மலையேற வந்த இரண்டு பெண்கள் அலறினார்கள். பூசான் நகரத்திலிருந்து புதிதாக மாற்றலாகி வந்த கான்ஸ்டபிள் சோக் ஓடிவந்தார். தொடப் பயந்து, தள்ளி நின்றே போன் செய்தார்.

"ஆமா சார், அம்புதான்... இல்ல சார், நான் குடிக்கல."

பஞ்சையும் மீறி இது கில்னாம் காதில் விழுந்தது. பழங்காலத்து ஆள் காலம் தாண்டி இன்றைக்கு வருகிற கதைகள் அப்போது டிவியில் சக்கைப்போடு போட்டுக்கொண்டிருந்தன. கதையை மாற்றிவிட்டார்கள்போல என்று நினைத்துக்கொண்டார். இந்தப் போலீஸ்காரப் பையனுக்கு நடிப்பே வரவில்லையே என்று வருத்தமாகவும் இருந்தது.

ஆம்புலன்ஸ் டிரைவர் எட்டிப் பார்த்தார். "அட, நம்ம ஆப்பிள்காரரு! எத்தனையோ தடவை செத்திருக்காரு சார். ஆனா ஆம்புலன்ஸ் வர்ற அளவுக்குப் போனதில்ல."

டிரைவர் போன் செய்ய, ஒக்பூன் பழக்கூடையோடு வந்து சேர்ந்தாள். குனிந்து, தலைக்கவசத்தைத் தட்டினாள்.

"ஏங்க, 'கட்' சொல்லியாச்சு."

கில்னாம் சட்டென்று எழுந்து உட்கார்ந்தார். "சீன் ஓகேவா?"

கான்ஸ்டபிள் மயங்கிச் சரிந்தார். கில்னாம் அவரை உற்றுப் பார்த்து, "விழுறது பரவாயில்ல. ஆனா கை முதல்ல தரையைத் தேடுது பாரு" என்றார்.

விஷயம் தெரிந்த டைரக்டருக்கு ரொம்ப வெட்கமாகப் போய்விட்டது. பரிகாரமாக, சாகாத வேடம் ஒன்றைக் கொடுத்தார். அரசவைக்குள் ஓடிவந்து, "மன்னா, வெற்றி நமக்கே!" என்று கத்தவேண்டிய தூதன். ஒக்பூன் அக்கம்பக்கத்தாரையெல்லாம் அழைத்து டிவி முன்னால் உட்கார வைத்தாள்.

தூதன் ஓடிவந்தான். வசனத்தைப் பிசிறில்லாமல் சொன்னான். சொன்ன கையோடு வலது பக்கமாகச் சாய்ந்து செத்துப்போனான். பழக்கதோஷம். மன்னர் வேடக்காரர் நிஜமாகவே கண்கலங்கியதால் டைரக்டர் அதை அப்படியே வைத்துவிட்டார்.

"உங்களை யாருங்க கொன்னது?" என்று ஒக்பூன் கேட்டாள்.

கில்னாம் கொஞ்சம் யோசித்தார். "அந்தத் தூதன் ரொம்பத் தூரத்துலேர்ந்து ஓடி வந்திருப்பான்போல" என்றார்.